அளவு நாடாவோடு போன நாள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று உன் மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தாலும், உன் கையெழுத்தைக் கண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விட்டுவிடாதே. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நீ கேட்ட கேள்வி நாலைந்து நாளாக என்னோடேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மையங்களும் திட்டங்களும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று, உதவி பெறுகிற நாங்களே தணிக்கைக்கும் போனால் அது எப்படி நடுநிலையாகும் என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவள், உன்னிடமிருந்து இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்.

எங்கள் சங்கத்திலிருந்து ஒன்பது பேர் இரண்டு மாதமாகத் தாலுகா முழுக்கப் போய் வருகிறோம். ஏழு பேர் மாற்றுத்திறனாளிகள். இருவர் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார். முதலில் போனது ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு. கையில் அச்சடித்த படிவம். ‘சாய்தளம் உள்ளதா? ஆம் / இல்லை’ என்பது அதன் முதல் கேள்வி. சாய்தளம் இருந்தது. முன்பு பார்வையிட வந்தவர்களும் ‘ஆம்’ என்று குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் என் சக்கர நாற்காலியை அதில் ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது. இறங்கும்போது முதுகுப் பக்கமாக இறக்கினார்கள். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அளவு நாடாவை வாங்கி அளந்தோம். வாசல் இரண்டடி உயரம். ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கட்டட வழிகாட்டு நெறி. இருபத்துநான்கு அடி இருக்க வேண்டிய இடத்தில் ஏழடிச் சிமெண்டுச் சரிவு! நடந்து ஏறுகிறவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது.

கல்லூரியில் மாடித் தேர்வு அறைக்கு நீயும் இன்னும் மூன்று பேரும் என்னை நாற்காலியோடு தூக்கிப் போனீர்களே, அந்த நாள் நினைவுக்கு வந்தது. தேர்வைக் கீழே வைக்கலாமே என்று நம்மில் ஒருவருக்கும் அன்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அன்றைக்கே அந்தப் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் கேள்விகளை நாங்களே எழுதத் தொடங்கினோம். ‘மூன்று சக்கர வண்டி வழங்கப்பட்டதா’ என்பதை ‘கடைசியாக அதில் எப்போது போனீர்கள்’ என்று மாற்றினோம். ஒருவர் வீட்டு வேப்ப மரத்தடியில் வண்டி நின்றது. மிதிக்கட்டையில் துரு, இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து தார்ச்சாலை வரை மணல் பாதை, சக்கரம் புதைந்துவிடுகிறது என்றார். பதிவேட்டில் அவர் பயனாளிதான். மாத உதவித்தொகை வருகிறதா என்பதோடு, ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது என்றும் கேட்டோம். பார்வையற்ற அக்கா ஒருவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘தம்பியிடம் இருக்கிறது, நான் கேட்டதில்லை’ என்றார்.

அந்த மையத்திலேயே இருபது வயதுப் பையன் ஒருவன். பேச்சு கிடையாது. ‘அவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது, அம்மாவிடம் கேளுங்கள்’ என்றார் ஊழியர். எங்களோடு வந்த தாய் ஒருவர், வீட்டில் தன் மகளுக்காக வரைந்து வைத்திருக்கும் பட அட்டைகளை அவன் முன்னால் பரப்பினார். தட்டு, பந்து, பாய், கதவு. கதவுப் படத்தை எடுத்தான். எல்லாவற்றையும் கலைத்து மறுபடி பரப்பியபோதும் அதையே எடுத்தான். விசாரித்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிவாசலைப் பூட்டிவிடுகிறார்களாம், மாலை வரை. நாங்கள் கிளம்பும் வரை அந்த அட்டையை அவன் திருப்பித் தரவே இல்லை. அவனிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பூட்டு என்றாலே எனக்கு ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். உள்ளே இருந்தவர்களிடம் ‘உனக்கு இங்கே எப்படி இருக்கிறது’ என்று கேட்டு எழுதிவைக்க யாராவது போயிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு, கண்காணிப்பில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய அமைப்புகளும் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்கிறது. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவும் திட்டங்களைச் சமூகத் தணிக்கை, அதாவது மக்கள் முன்னிலையில் சரிபார்ப்பு, செய்யச் சொல்கிறது. அந்தத் தணிக்கையில் யார் உட்கார வேண்டும் என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வேலை செய்தவர்கள் நடுவே கிராம சபையில் கணக்கை வாசித்தார்களே, அதை நீ ஒருநாளும் நடுநிலை இல்லை என்று சொன்னதில்லை.

ஆனாலும் உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டோம். எங்களில் யாருக்காவது ஒரு மையத்தோடு பழைய சண்டையோ உறவோ இருந்தால் அவர் அங்கே போவதில்லை. காது கேளாதவர்களிடம் பேசும்போது அந்த மையத்தின் ஆசிரியரைச் சைகை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொள்வதில்லை. முதல் தடவை அப்படிச் செய்து, எல்லாரும் ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரே பதிலைச் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். எங்கள் பெரிய தவறு வேறு. ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் எல்லாரும் என்னைப் போலப் படித்தவர்கள், பேசப் பழகியவர்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவர் இரண்டாவது மாதம்தான் வந்தார். ‘மருந்து இருப்பு இல்லாத நாட்களில் என்ன செய்தீர்கள்’ என்ற கேள்வி அவர் வந்த பிறகுதான் எங்கள் தாளில் ஏறியது.

எங்கள் குழுவினருக்கு ஆட்டோ செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அலுவலர்கள் பயணப்படி வாங்கிக்கொண்டுதானே வருகிறார்கள்? எங்களை மட்டும் சேவை செய்யச் சொன்னால், வசதியுள்ள நாலு பேர்தான் வருவார்கள்.

அடுத்த மாதக் கடைசியில், பார்த்ததையெல்லாம் அந்தந்த ஊரிலேயே வாசிக்கப் போகிறோம். பட அட்டையோடும் சைகையோடும்தான். இங்கேதான் நீ வேண்டும். சாய்தளத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று ரொக்கப் பதிவேட்டையும் பற்றுச்சீட்டையும் ஒத்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-இல் சட்டம் திருத்தினார்களே, எங்கள் குழுவில் ஒருவர் அதற்கு மனுக் கொடுத்திருக்கிறார். அவருக்கும் கணக்குப் படிக்கத் தெரிய வேண்டும்.

மருத்துவர் பஸ்ஸில் போகலாம் என்று சொன்னதும் ஒரு வரி எழுது. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. கீழ் அறையை உனக்காக ஒழித்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி