முழங்காலை மட்டும் குறை சொல்ல முடியாது

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் லைன்மேன்கள் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுப்பவர்கள்) மூன்று ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை, காயம்தான் காரணம் என்று விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. இது பாதிதான் சரி.

முதலில் அந்த எண். எல்லா வீரர்களுக்கும் சேர்த்து வீரர் சங்கம் சொல்லும் சராசரி 3.3 ஆண்டு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் நிர்வாகமோ 2011இல் ஆறு ஆண்டு என்றது. இரண்டும் பொய்யில்லை. சங்கத்தின் கணக்கில் சில வாரங்கள் வந்துபோனவர்களும் உண்டு. நிர்வாகம் எண்ணியது முதல் ஆண்டிலேயே தொடக்க நாள் அணியில் இடம்பிடித்தவர்களை மட்டும்.

பயிற்சி முகாமில் ஓர் அணிக்கு 90 பேர். ஆகஸ்ட் கடைசியில் 53 ஆகச் சுருக்குவார்கள். அதில் தாக்கும் அணியின் லைன்மேன்கள் எட்டு முதல் பத்துப் பேர். களத்தில் நிற்பது ஐவர்: ஒரு சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டேக்கிள். ஆட்ட நாளில் எட்டு லைன்மேன்களாவது தயாராக இருந்தால்தான் 48 பேரை இறக்கலாம், குறைந்தால் 47. பெரும்பாலும் எட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படியானால் பெஞ்சில் இருக்கும் மூன்று பேர் ஐந்து இடங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சென்டராகப் பந்தைப் பின்னுக்குத் தரவும் தெரிந்து, இரண்டு பக்கமும் கார்டு ஆடத் தெரிந்தவர் தங்குவார். இடது கார்டு மட்டுமே தெரிந்தவர், உடம்பில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும், வீட்டுக்குப் போவார்.

அடுத்தது சம்பளம். 2025இல் புதியவரின் குறைந்தபட்ச ஊதியம் 8,40,000 டாலர். மூன்று சீசன் முடித்தவருக்கு 11 லட்சம் டாலர். நான்கு சீசனாவது முடித்தவரைக் குறைந்தபட்ச ஊதியத்தில் எடுத்தால் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்புக் கணக்கில் சலுகை உண்டு. மூன்று முடித்தவருக்கு அதுவும் இல்லை. சுமாரான மாற்று ஆட்டக்காரர் இடறி விழுவது பெரும்பாலும் இந்த இடுக்கில்தான். நான்கு முடித்தவருக்கு வேறொரு தலைவலி: முதல் வார அணியில் இருந்துவிட்டால், பிறகு நீக்கினாலும் அந்த ஆண்டின் மீதிச் சம்பளத்தை, வாழ்நாளில் ஒருமுறை, அவர் கோரலாம். அதனாலேயே முதல் ஆட்டத்துக்கு முன் விட்டுவிட்டு, மறுவாரம் திரும்பக் கூப்பிடுவார்கள். விதி காப்பாற்றத்தான் வந்தது, என்ன செய்ய!

காயம் இல்லை என்று சொல்லவில்லை. அது வரும் விதம்தான் பலருக்கும் தெரியாது. எதிராளி நேருக்கு நேர் மோதி முழங்கால் போவதைவிட, கால் தரையில் ஊன்றியிருக்கும்போது பின்னாலோ பக்கவாட்டிலோ இன்னொருவர் உருண்டு விழுந்து போவது சகஜம். முழங்கால் உள்நோக்கி மடங்கும். உட்பக்கத் தசைநார் கிழியும், அல்லது கணுக்காலுக்கு மேலே சுளுக்கும். பல லைன்மேன்கள் முழங்காலுக்குக் கீல் வைத்த உறை போடுவது இதற்காகவே. தோள்மூட்டின் குருத்தெலும்பு வளையம் கிழிந்தால் வேறு விதச் சரிவு: கையை நீட்டி எதிராளியின் மார்பில் முதல் அடி கொடுக்கும் வலு போய்விடும். அது போனால், 136 கிலோ இருந்தும் பின்னுக்குத் தள்ளப்படுவார், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அகப்படுவார். ஒப்பந்தம் இரட்டை ஊதிய வகையாக இருந்தால் காயப் பட்டியலுக்குப் போன வாரத்திலிருந்து சம்பளமும் குறையும்.

தலை விஷயம் தனி. லைன்மேன் மயங்கி விழ வேண்டியதில்லை. பந்து ஆட்டத்துக்கு வரும் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் சிறுசிறு மோதல்கள் சேர்கின்றன. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் பேர்வாங்கிய சென்டர் மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தபின்தான் தொடர் மோதல்களால் வரும் மூளைச் சிதைவு அவருக்கு இருந்தது தெரியவந்தது. 2017 ஜூலையில் வெளியான ஆய்வில் முன்னாள் என்எஃப்எல் வீரர்களின் 111 மூளைகளில் 110இல் அதே சிதைவு. (அறிகுறி கண்ட குடும்பங்களே அதிகம் தானம் தந்திருக்கும் என்பதால், அதை எல்லா வீரர்களின் விகிதமாக எழுதுவது தவறு.) இரண்டு நாள் கழித்து, பால்டிமோர் ரேவன்ஸ் கார்டு ஜான் உர்ஷல் 26 வயதில், மூன்றே சீசனில் விலகினார். அவருக்குக் கணித ஆராய்ச்சி காத்திருந்தது. எல்லாருக்கும் அப்படி இல்லை.

மூன்று என்ற எண் உர்ஷலுக்குத் தற்செயலாக இருக்கலாம், ஆனால் விதிப்படி அது ஒரு வாசல். முழு ஊதியத்தில் மூன்று ஆட்டம் கழிந்தால் ஒரு சீசன் கணக்கு. அப்படி மூன்று சீசன் சேர்ந்தால் ஓய்வூதிய உரிமையும், விலகிய பின் ஐந்து ஆண்டு மருத்துவக் காப்பீடும். இரண்டு சீசனும் இரண்டு ஆட்டமும் ஆடியவருக்கு இவை இரண்டும் கிடையாது.

எனவே ஒரு லைன்மேன் நீக்கப்பட்ட செய்தியை அச்சிடும்போது, எந்த மூட்டு என்பதோடு, கணக்கில் சேர்ந்த சீசன் எத்தனை என்பதையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்