எலியிலா மனிதரிலா என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூப்பும் நோயும் செல்லுக்குள் எப்படித் தொடங்குகின்றன என்ற ஆராய்ச்சிகளைத் தமிழ் நாளிதழ்கள் அடிக்கடி வெளியிடுவது, நெடுங்காலம் உயிரியல் கற்பித்த எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவை எழுதப்படும் முறையில் ஒரு குறை உண்டு.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அண்ணனுக்கு வயது 74. சென்ற மாதம் அவர் வீட்டு அலமாரியில், செல்களைப் புதுப்பித்து டெலோமியரை நீட்டும் என்று அச்சிட்ட மாத்திரை டப்பா ஒன்றைக் கண்டேன். டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனியில் உள்ள காப்புப் பகுதி; செல் பிரியப் பிரிய அது குறுகி, மிகக் குறுகியதும் செல் பிரிவதை நிறுத்திவிடும். அவருடைய ஓய்வூதியத்தில் பாதி அதற்குப் போயிருந்தது. விற்றவர் சான்றாகக் கொடுத்திருந்தது, முதுமையை வென்றுவிட்டதாகத் தலைப்பிட்ட ஒரு நாளிதழ்ச் செய்தியின் நகல். நூலகத்தில் அந்தப் பழைய இதழைத் தேடி எடுத்தேன். ‘சுண்டெலி’ என்ற சொல் கடைசிப் பத்தியில் ஒரே ஒருமுறை வந்திருந்தது. நகலில் அந்தப் பத்தியையே காணோம்.

ஆராய்ச்சி பொய்யன்று. ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள் ஏறத்தாழ 50 முறை பெருகியபின் பிரிவதை நிறுத்திவிடுவதை 1961இல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டினர். அப்படி நின்றுபோன செல்களில் பல, மடியாமல் உடலிலேயே தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன. 2011இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், விரைவில் மூப்படையும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளில் அச்செல்களை நீக்கியபோது, கண்புரையும் தசை மெலிவும் தள்ளிப்போயின. ஆயுளோ குறிப்பிடத்தக்க அளவு நீளவில்லை. மேலும், செல் பிரிவதை நிறுத்திக்கொள்வது புற்றுநோய்க்கு எதிராக உடல் கட்டிய அணையும் ஆகும். டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் என்னும் நொதி பெரும்பாலான புற்றுநோய்களில் செயல்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்தவர் எவரும், டெலோமியரை நீட்டித் தருகிறேன் என்று டப்பாவில் அச்சிடத் துணியமாட்டார்.

இதைவிட வருத்தம் தருவது வேறொன்று. இதை விழுங்கினால் சர்க்கரை மாத்திரை தேவையில்லை என்று விற்றவர் சொல்ல, அண்ணன் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றில் சர்க்கரை 260ஐத் தாண்டிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகத் தரும் அந்த மாத்திரையைத்தான், மூப்பைத் தாமதப்படுத்துமா என்று ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். அதுவும் இன்னும் நிறுவப்படவில்லை.

ஆகவே, ஆய்வு ஈஸ்ட்டில் நடந்ததா, புழுவிலா, எலியிலா, மனிதரிலா, மனிதர் என்றால் எத்தனை பேரிடம் என்பதைத் தலைப்பிலோ முதல் வரியிலோ அச்சிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். கடைசிப் பத்தியை எவரும் கத்தரித்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்.