அபராதம் கட்ட விடாதே

அன்புள்ள சண்முகம்,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய், நியாயம்தான். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று ராசு சொன்னான், சந்தோஷம். வாத்தியார் இன்னும் சைக்கிளில்தான் போகிறாராமே! தடுத்துப் பிரயோசனமில்லை, விட்டுவிடு.

பிரபுவுக்குக் கோயில் கொடைச் சண்டை வழக்கில் சம்மன் வந்த விஷயமும் ராசு சொல்லித்தான் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்து முழுக்க உன் திண்ணையில் நடக்கும், உன் வீட்டு வழக்கை மட்டும் மூச்சு விடமாட்டாய். "குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினா அன்னைக்கே முடிஞ்சிரும்" என்று யாரோ சொன்னார்களாம், நீயும் தலையாட்டினாயாம். வேண்டாம்டா. ஐந்நூறு ரூபாய் அபராதமும் தண்டனைதான். ரசீது கைக்கு வரும்போதே பையன் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதியாகிவிடும். தானே ஒத்துக்கொண்டவன் அப்பீலுக்குப் போனால் தண்டனை அதிகம், சட்டப்படி சரியில்லை என்று பேசலாமே தவிர, குற்றமே செய்யவில்லை என்று பேச வழியில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பழைய தண்டனையைப் பதிவிலிருந்து நீக்க மனுப் போடலாம். இங்கே வயது வந்தவனுக்கு அப்படிப் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு மட்டும் 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உண்டு. அதனால் முதல் வேலையாக அவன் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பார். சண்டை நடந்த தேதியில் என்ன வயது என்பதுதான் கணக்கு. ஒரு நாள் குறைந்தாலும் வழக்கு வேறு பாதையில் போகும்.

வயது தாண்டியிருந்தால் குவாஷ்தான், அதாவது வழக்கையே ரத்து செய்யச் சொல்லி ஹைகோர்ட்டில் மனு. பிரிவுகள் 294(பி), 323, 506(1) என்றான் ராசு. கொடையில் கைகலப்பு என்றால் பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) இருந்த காலத்தில் ஸ்டேஷனில் எழுதிய அதே மூன்று. அடித்ததற்கான 323-ஐயும் மிரட்டியதற்கான 506-ஐயும் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே ராஜியில் முடிக்கலாம். ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி)-யை அப்படி முடிக்க முடியாது. இரண்டு வீடும் சம்பந்தமே வைத்துக்கொண்டாலும் வழக்கு சாகாமல் கிடப்பது இந்த ஒரு பிரிவால்தான். இப்படிப்பட்ட தனிப்பட்ட தகராறுகளை ராஜியின்பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று கியான் சிங் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் மனுப் போட வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 528.

மனு கெட்டுப்போவது சின்ன விஷயங்களில்தான். சம்மன் வந்துவிட்டதால் சி.சி. நம்பர் (கோர்ட் வழக்கு எண்) விழுந்திருக்கும். அதை ரத்து செய்யும்படி கேட்காமல் எஃப்.ஐ.ஆரை மட்டும் கேட்டால் கீழ்க்கோர்ட்டில் வழக்கு நிலுவையிலேயே நிற்கும். எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) நாலு பேர் என்றால் நாலு பேரும் மனுவில் சேரட்டும், இல்லையென்றால் மற்றவர்கள் மேல் வழக்கு தொடரும். புகார் கொடுத்தவர் ஒருவர், அடிபட்டவர் இன்னொருவர் என்றால் இருவருமே கூட்டு சமரச மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆரில் இருக்கும் பெயரும் இனிஷியலும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா பார். விசாரணையன்று இரண்டு தரப்பும் ஆஜராக வேண்டும். எஸ்.ஐ. அடையாளம் காட்டுவார், மிரட்டி வாங்கிய கையெழுத்தா என்று நீதிபதி கேட்பார். சில சமயம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ வேறெதற்கோ ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். அது தண்டனை இல்லை, தாராளமாகக் கட்டலாம்.

குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியையும் பார்த்து வை. 506(1)-க்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, ஆகவே சண்டை நடந்த நாளிலிருந்து வழக்குப் போடக் காலக்கெடு மூன்று ஆண்டு. அது தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னித்த உத்தரவும் இல்லையென்றால், ராஜி இல்லாமலேகூட வாதாடலாம். கொரோனா காலத்தைக் கழித்துக் கணக்குக் காட்டுவார்கள், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

"கேஸை நடத்தினா சாட்சி வரமாட்டான், விடுதலை ஆயிரும்" என்றும் ஒருத்தன் சொல்வான். பிரபுவின் தம்பிக்குப் போலீஸ் ஆசை என்றாயே, அவனும் இந்த வழக்கில் இருந்தால் அதை நம்பாதே. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளில் சந்தேகத்தின் பலனில் (குற்றம் முழுசாக நிரூபணமாகாததால்) விடுதலையானவன் வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுகிறான்.

உத்தரவு வந்ததும் பதிவு தானாக மாறிவிடும் என்று உட்கார்ந்துவிடாதே. சான்றிட்ட நகல் மூன்று நாலு வாங்கு. ஒன்று மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு, ஒன்று ஸ்டேஷனுக்கு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட்டில். ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் வழக்கின் நிலை மாறியதை உறுதி செய்த பிறகே நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பிக்கட்டும். அதற்குள் பாஸ்போர்ட் அவசரமென்றால் வழக்கு இருக்கும் கோர்ட்டிலேயே அனுமதி கேட்கலாம், காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குக் கிடைக்கும். வேலை விண்ணப்பத்தில் "எப்போதாவது வழக்கு இருந்ததா" என்று கேட்டால் ஆம் என்றெழுதி உத்தரவை இணைக்கட்டும். வழக்கைவிட மறைத்ததுதான் வேலையைப் பறிக்கும். அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதும் இதையொட்டித்தான்.

இணையத்தில் பெயர் கிடப்பதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நிரபராதியின் பெயரைத் தேடினால் வழக்கு வந்து நிற்பது அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எஃப்.ஐ.ஆர்., சம்மன், குற்றப்பத்திரிகை மூன்றையும் படமெடுத்து அனுப்பு. வாய்தாவுக்கு வக்கீல் இல்லாமல் பிரபு போகக் கூடாது. ராஜிக்கு மாரியப்ப அண்ணாச்சியிடம் ஆள் அனுப்பாமல் நீயே போய்ப் பேசு, பழைய வரப்புத் தகராறை அன்றைக்கு மட்டும் எடுக்காதே.

உன்
செல்வம்