2025-ஆம் ஆண்டுக்கான செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சாமுராய்ப் படைகளின் சிற்றுருவங்களைக் கொண்டு மேசைப்போர் ஆடும் நமது சங்கத்தின் 2025-ஆம் ஆண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஜப்பானின் நாகாஷினோ போர் நடந்து 450 ஆண்டுகள் நிறைவடைந்த ஆண்டு இது. ஆகவே, சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, நம் உழைப்பிலும் நிதியிலும் பெரும்பகுதியை அந்த ஒரே போருக்கு ஒதுக்கினோம். வாராந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல் ஞாயிறு பிற்பகல்களில் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார் என்பதால் அதனுள் நான் செல்லவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களின் பொருட்டு அப்போரின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1575-ஆம் ஆண்டு, தகேதா குலத் தலைவர் கட்சுயோரி ஏறத்தாழ 15,000 பேர் கொண்ட படையுடன் மிகாவா மாகாணத்தின் நாகாஷினோ கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே, தொகுகாவா தரப்பைச் சேர்ந்த ஒகுதைரா சதமாசாவின் தலைமையில் சுமார் 500 பேரே இருந்தனர். கோட்டையிலிருந்து நழுவிச் சென்று உதவி கேட்ட டோரி சுனேமோன், திரும்பும் வழியில் பிடிபட்டார். உதவி வராது என்று கோட்டையை நோக்கிக் கத்தும்படி தகேதா தரப்பினர் பணித்தபோது, உதவி வந்துகொண்டிருக்கிறது என்று உரக்கச் சொல்லி உயிரை விட்டார். அவர் சொன்னபடியே ஓடா நொபுநாகாவும் தொகுகாவா இயேயாசுவும் 38,000 பேர் என்று மரபாகக் கூறப்படும் கூட்டுப்படையுடன் வந்து, கோட்டைக்கு மேற்கே ஷிதாராகஹாரா என்னும் குறுகிய பள்ளத்தாக்கில், ரெங்கோ ஓடையைத் தங்களுக்கு முன்னால் வைத்து, மரவேலி அடித்து நின்றனர். ஜூன் மாத இறுதியில் தகேதா படை அந்த வேலியை நோக்கிப் பாய்ந்தது. யமகாட்டா மசகாகே, பாபா நொபுஹாரு, நைட்டோ மசதோயோ ஆகிய பெருந்தளபதிகளை அந்த ஒரே நாளில் தகேதா குலம் இழந்தது.

இந்தப் போரை எப்படி ஆடுவது என்பதில்தான் இவ்வாண்டு நமக்குள் நீண்ட விவாதம் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய விரும்புகிறேன். நமது பழைய சங்க விதிகளின்படி, ஓடா படையின் துப்பாக்கி வரிசை ஒரு சுற்றில் மூன்று முறை சுடலாம். மூவாயிரம் துப்பாக்கி வீரர்கள் மூன்று வரிசையாக நின்று, மாறி மாறி இடைவிடாமல் சுட்டனர் என்ற புகழ்பெற்ற சித்திரத்திலிருந்து வந்த விதி அது. ஆனால் நொபுநாகாவிடம் பணியாற்றிய ஓட்டா கியூயிச்சி எழுதிவைத்த வரலாற்றில், களத்தில் வைக்கப்பட்ட துப்பாக்கிகள் ஆயிரம் என்ற அளவில்தான் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு கைப்பிரதியில் மட்டும் அது மூவாயிரம் ஆகிறது. மூன்று வரிசைச் சுழற்சி முறை அந்நூலில் இல்லவே இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓஸே ஹோஅன் எழுதிய நூலில்தான் அது தோன்றுகிறது. பின்னர் மெய்ஜி காலத்து (1868–1912) இராணுவம் தொகுத்த போர் வரலாறு அதை எடுத்தாண்டபின் பாடநூல் செய்தியாகவே நிலைத்துவிட்டது. இன்றைய வரலாற்றாய்வாளர்களில் பலர் அதை ஏற்பதில்லை.

பழைய விதியை நீக்கினால் ஆட்டத்தின் சுவை போய்விடும் என்று சில உறுப்பினர்கள் கருதினர். அக்கருத்தைக் குழு மதித்துக் கேட்டது. ஆயினும், பழைய விதியில் தகேதா பக்கம் அமர்பவருக்கு முடிவெடுக்க எதுவுமே இல்லை என்பதை ஆடியவர் அனைவரும் அறிவர். படையை நகர்த்துவார், உருவங்களை எடுத்துப் பெட்டியில் வைப்பார், அவ்வளவே. உண்மையான போரோ விடியற்காலை தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வாக்கில்தான் முடிந்தது. முதலில் யமகாட்டா, இரண்டாவதாகக் கட்சுயோரியின் சிற்றப்பா நொபுகாடோ, மூன்றாவதாகச் செந்நிறக் கவசம் பூண்ட ஒபாட்டா குலத்தார், நான்காவதாகக் கருநிறத்து நொபுதோயோவின் அணி, ஐந்தாவதாக பாபா என்று அணி அணியாகத் தாக்கினார்கள் என்று ஓட்டாவின் நூல் வரிசைப்படுத்துகிறது. அத்தனை மணி நேரம் நீடித்த போரில் துப்பாக்கியோடு ஓடையும் சேறும் வேலியும் களைப்பும் சேர்ந்தே ஒரு படையை அழித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆகவே புதிய விதியில், துப்பாக்கிப் பிரிவு ஒரு சுற்றில் ஒரு முறையே சுடும். அடுத்த சுற்றில் மருந்து இட்டாக வேண்டும். ஓடையைக் கடக்கும் பிரிவு ஒழுங்கை இழக்கும். வேலியை அடைந்த பிரிவு அதைப் பிரித்தெறிய ஒரு முழுச் சுற்றைச் செலவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது, தொகுகாவா தளபதி சகாய் தடாட்சுகு இரவோடு இரவாக மலைவழியே சென்று, தகேதா படையின் பின்புறத்தில் இருந்த தொபிகசு மலை அரண்களைக் கைப்பற்றிய நிகழ்வு. அதை இப்போது மேசைக்கு வெளியே நடக்கும் தனி ஆட்டமாகச் சேர்த்துள்ளோம். அந்த அரண்கள் விழுந்ததும் பின்வாங்கும் வழி அடைபடுகிறது. அதன்பின் தகேதா தளபதி தாக்கியே தீரவேண்டிய நிலைக்கு வருகிறார். கட்சுயோரி அறிவில்லாமல் பாய்ந்தார் என்ற பழியை ஏற்றுக்கொண்டு ஆடுவதற்கும், ஏன் பாய்ந்தார் என்று உணர்ந்து ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு விதியில் தெரிகிறது.

குதிரைப்படை பற்றிய விதியும் மாறியது. அக்காலத்து ஜப்பானியக் குதிரைகள் தோள்மட்டத்தில் சுமார் 130 சென்டிமீட்டர் உயரமே கொண்டவை. குதிரைமேல் வந்த ஒவ்வொரு சாமுராயையும் சுற்றி ஈட்டியும் பொருள்களும் ஏந்திய ஏவலர் கால்நடையாக வந்தனர். ஐரோப்பியர் குதிரைமேல் இருந்து போரிடுகின்றனர், ஜப்பானியரோ போரிட வேண்டியபோது குதிரையிலிருந்து இறங்குகின்றனர் என்று பாதிரியார் லூயிஸ் ஃப்ரோயிஸ் 1585-இல் குறித்திருக்கிறார். எனவே உருவங்களை ஒட்டி நிறுத்தும் தகேதா படைத்தட்டுகளில் குதிரை வீரர்களும் காலாட்களும் இனி கலந்தே நிற்பார்கள். குதிரைகளை மட்டும் அடுக்கிய பழைய தட்டுகள் விலக்கப்பட்டுள்ளன.

களம் அமைக்கும் பணியில் உறுப்பினர்கள் காட்டிய கைத்திறனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 15 மில்லிமீட்டர் உருவங்கள், ஓர் உருவத்துக்கு நூறு வீரர் என்ற கணக்கில், இரு படைகளுக்கும் சேர்த்து 530 உருவங்கள் தேவைப்பட்டன. குன்றுகளைத் தெர்மாகோலில் வெட்டி, மணலும் பசையும் பூசி, பச்சையும் காவியும் தீட்டினோம். வயல்களுக்குப் பழைய தேங்காய்நார் மிதியடிகளைக் கத்தரித்தோம். மரவேலிக்கு ஈர்க்குச்சிகளே போதுமானவையாக இருந்தன: விரற்கடை நீளத்தில் நறுக்கி, நிமிர்ந்த குச்சிகளின் மேல் இரண்டு குறுக்குக் குச்சிகளை வைத்து, ஒவ்வொரு சந்திப்பையும் தையல் நூலால் கட்டி, மேலே நீர்த்த பழுப்பு மை ஓடவிட்டால், பச்சை மரத்தை அவசரமாக வெட்டி நட்ட வேலியாகவே கண்ணுக்குத் தெரிகிறது. ஈட்டிகளுக்கும் ஈர்க்கையே மெல்லச் சீவினோம். ஓடா படையின் காலாட்களான அஷிகருக்கள் ஏந்திய ஈட்டி ஆறு மீட்டரைத் தாண்டியது. வார்ப்பில் வந்த குட்டை ஈட்டிகளை வெட்டி நீக்கி, நீண்ட ஈட்டிகளைப் பொருத்திய பின்னரே அந்த அணி தன் உண்மைத் தோற்றத்தைப் பெற்றது. வாளைவிட ஈட்டியும் துப்பாக்கியுமே அந்தக் களங்களை நிறைத்தன என்பதை இளைய உறுப்பினர்கள் இந்த வேலையின் வழியே கண்டுகொண்டனர்.

கொடிகளுக்குத் தனிக் கவனம் செலுத்தப்பட்டது. தகேதாவின் நான்கு சாய்சதுரச் சின்னம், ஓடாவின் மஞ்சள் துணியில் எய்ராக்கு நாணயங்கள், முதுகில் செருகும் சஷிமோனோக்கள் ஆகிய அனைத்தையும் மெல்லிய தாளில் அச்சிட்டு, ஓரங்களைத் தூரிகையால் தொட்டு முடித்தோம். இனுயாமா கோட்டையோடு தொடர்புடைய நாருசே குடும்பத்தின் மடிப்புத் திரை ஓவியமே நமக்கு முதன்மை வழிகாட்டி. அந்த ஓவியம் போருக்குப் பல ஆண்டுகள் கழித்து, எடோ காலத்தில் (1603–1868) வரையப்பட்டது என்பதால், அதிலுள்ள ஒவ்வொரு கொடியும் அன்று களத்தில் பறந்தது என்று கொள்ள இயலாது. இக்குறிப்பைக் காட்சிப் பலகையிலும் எழுதி வைத்தோம்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில், தெளிப்பு வார்னிஷ் ஈரக்காற்றில் வெண்படலமாகப் படிந்து, கருநிறக் கவசங்களைச் சாம்பல் பூத்தவை ஆக்கியது. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மேலே பூசியதும் பெரும்பாலானவை தெளிந்தன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரைமர், வார்னிஷ் இரண்டையும் தூரிகையால் மட்டுமே பூச வேண்டும் என்று குழு முடிவு செய்துள்ளது.

ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை அன்று நாகாஷினோ முழு ஆட்டம் நடைபெற்றது. தகேதா தரப்பு தோற்றது. ஆனால் தோல்விக்கு முன் தன் இடது கோடியில், வேலி முடியும் தெற்குப் பக்கமாக யமகாட்டாவின் அணியைக் கொண்டு தொகுகாவா படையை நெடுநேரம் திணறடித்தது. தகேதா தளபதியாக அமர்ந்த இளைய உறுப்பினர், மையத்தில் வீணாகப் படையைச் செலவிடாமல் அங்கே குவித்தது பாராட்டத்தக்க முடிவு. ஆட்டம் முடிந்தபின்னும் மேசையைச் சுற்றி விவாதம் தொடர்ந்தது. புதிய விதிகளை எதிர்த்தவர்களும் அடுத்த முறை தகேதா பக்கம் அமர விருப்பம் தெரிவித்ததைக் குழு மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்கிறது.

கவனகஜிமாவின் நான்காம் போரை (1561) ஆகஸ்டில் ஆடினோம். மூடுபனியே அப்போரின் முதல் பாத்திரம் என்பதால், நடுவர் ஒருவர் தனி வரைபடத்தில் இரு படைகளையும் நகர்த்தினார்; மேசையில் வெற்று அட்டைகள் மட்டுமே இருந்தன. உயெசுகி கென்ஷின் சாய்ஜோ மலையிலிருந்து இரவில் இறங்கிவிட்டதைத் தகேதா ஷிங்கென் அறியாமல் இருந்தது போலவே, நம் ஷிங்கெனும் எதிரி கைக்கெட்டும் தொலைவில் வரும்வரை அறியவில்லை. அந்த மலையை நோக்கி ஷிங்கென் அனுப்பிய பெரும்பிரிவு திரும்பி வருமா என்று பகடையை எதிர்பார்த்திருந்த சுற்றுகள் இவ்வாண்டின் மிகச் சிறந்த சுற்றுகள். கென்ஷினின் சக்கர வியூகம் நடைமுறையில் எப்படி இயங்கியது என்பது தெளிவில்லாதது; களைத்த அணியைப் பின்னிழுத்துப் புதிய அணியை முன்னிறுத்தும் எளிய உரிமையாக மட்டும் அதை விதியில் சேர்த்தோம்.

நவம்பரில், தொகுகாவா இயேயாசுவின் தரப்பும் இஷிதா மிட்சுநாரியின் தரப்பும் மோதிய செகிகஹாரா போரை (1600) ஆடினோம். இப்போரில் விசுவாசமே ஆயுதம். மிட்சுநாரியின் பக்கம் இருந்தும் அவருக்குக் கைகொடுக்காத இருவருக்கு, அதாவது மட்சுவோ மலைமேல் நின்ற கோபயகவா ஹிதேயாகிக்கும், நாங்கு மலையில் மோரி படையின் வழியை மறித்து நின்ற கிக்காவா ஹிரோயேவுக்கும் முத்திரையிட்ட உறைகள் வழங்கப்பட்டன. இஷிதா மிட்சுநாரியாக ஆடியவர் நாங்கு மலைக்குத் தூதர் அனுப்பியபடியே இருந்தார். வீரர்கள் உணவருந்துகிறார்கள் என்ற மறுமொழியே வந்தது. அங்கிருந்த மோரி படையின் தலைவர் மோரி ஹிதெமோட்டோ கூறியதாக வழங்கிவரும் சாக்கு அதுதான் என்று ஆட்டத்துக்குப் பின் நடுவர் விளக்கினார். ஆணையிடுபவரின் சொல் கீழுள்ளோரிடம் செல்லுபடியாகுமா என்ற கேள்வியை மேசையில் வைக்கும் இத்தகைய ஆட்டங்களை இன்னும் அதிகம் நடத்த வேண்டும் என்பது இச்செயலாளரின் உறுதியான எண்ணம்.

சிறு படை ஆட்டங்கள் 28 மில்லிமீட்டர் உருவங்களோடு மாதந்தோறும் நடைபெற்றன. கைகலப்பில் வென்ற சாமுராய், எதிரியின் தலையைக் கொய்து தலைவரிடம் காட்ட நிற்பாரா, மேலும் முன்னேறுவாரா என்று பகடை உருட்டித் தீர்மானிக்கும் விதி இவ்வாண்டு சேர்க்கப்பட்டது. நூலக அலமாரிக்குப் புதிய பூட்டு வாங்கப்பட்டது. இரவல் பெற்ற நூல்களை ஜனவரிக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு மிகதாகஹாரா போரை நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. 1573 ஜனவரியில் ஷிங்கென், இயேயாசுவை ஹமமட்சு கோட்டைக்கே விரட்டிய களம் அது. கட்சுயோரியின் தந்தையான ஷிங்கெனின் அந்த வெற்றியில் பங்குகொண்ட தளபதிகள் பலரே இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் நாகாஷினோவில் மாண்டனர் என்பதால், நம்மிடமுள்ள உருவங்களில் பெரும்பாலானவை அப்படியே பயன்படும். புதிதாக வாங்க வேண்டியவை சிலவே. குளிர்காலக் களத்துக்கான மேசை விரிப்பும் சில மரங்களும் மட்டும் செய்தாக வேண்டும்.

களப்பணியில் ஒத்துழைத்த உறுப்பினர்களுக்கும், நடுவர் பொறுப்பேற்ற மூத்தோருக்கும், கூட்டங்களுக்கு இடமளித்தவர்களுக்கும், ஞாயிறுகளை விட்டுக்கொடுத்த குடும்பத்தினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையையும் மிகதாகஹாரா குறித்த தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்