சாமி பயம் இருந்தா திருட்டு குறையுமா? சரசுக்கு ஒரு கடிதம்

அன்பு சரசுக்கு,

உன் லெட்டர் வந்துச்சுடி, ஸ்கூல் விட்டு வந்து செருப்பைக் கூட கழட்டாம நின்னுகிட்டே படிச்சேன். அண்ணனுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு பார்த்ததும்தான் நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாம விடு, அவர் சும்மாவே டிவி முன்னாடி உக்காந்துட்டா எதையும் மறந்துடுவாரு. ரம்யாவுக்கு இப்பவே வரன் பாக்கணும்னு என்ன அவசரம், அவ ஆசைப்பட்ட வேலை கெடச்சு இப்பதான போயிருக்கா, ரெண்டு வருஷம் நிம்மதியா சம்பாதிக்கட்டுமே. இங்க நாங்க எல்லாரும் சுகம். நைஜீரியாவுல, எங்க இபாடன் ஊர்ல மழை ஆரம்பிச்சாச்சு, கரண்ட் வழக்கம்போல வந்தா வந்துச்சு இல்லன்னா இல்ல, ஜெனரேட்டருக்கு பெட்ரோல் ஊத்தியே பாதி சம்பளம் போகுது.

உங்க தெருவுல ரெண்டு வீட்ல திருடு போனதை எழுதிட்டு கடைசில ஒண்ணு கேட்டிருந்தியே, "இப்ப யாருக்கும் சாமி பயம் இல்லடி, உங்க நைஜீரியாவுல சாமி மேல சத்தியம்னா நடுங்குவாங்களாமே, அப்ப அங்க குத்தம் கம்மியா"ன்னு. அதைப் படிச்சதுல இருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. ரெண்டு வரில பதில் எழுதற விஷயம் இல்ல, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன், டீ போட்டுட்டு வந்து உக்காந்து படி.

பயம் இருக்கு, அதுல சந்தேகமே வேணாம். இங்க எங்களைச் சுத்தி இருக்கற யொருபா இனத்துக்காரங்கள்ல பாதிப் பேர் கிறிஸ்டியன், பாதிப் பேர் முஸ்லிம், ஒரே வீட்ல ரெண்டும் இருக்கும், அண்ணன் சர்ச்சுக்குப் போவான் தங்கச்சி முக்காடு போட்டிருப்பா, யாரும் அதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா பழைய தெய்வங்கள் பேர் எடுத்தா எல்லார் குரலும் கொஞ்சம் இறங்கிடும். முக்கியமா ஓகூன். இரும்புக்கு, போருக்கு, வேட்டைக்கு தெய்வம், இப்ப லாரி டிரைவர் மெக்கானிக் வரைக்கும் அவன் ஆளுங்கதான். கோர்ட்ல சாட்சி சொல்ல வர்றவர் பழைய மதத்துக்காரரா இருந்தா பைபிள் குரான் எதுவும் வேணாம், ஒரு இரும்புத் துண்டையோ வெட்டுக்கத்தியையோ முத்தம் குடுத்து சத்தியம் பண்ணலாம். பொய் சொன்னா அந்த இரும்பே ஒருநாள் கணக்குத் தீத்துடும்னு நம்பிக்கை, ஆக்ஸிடென்ட்டா வரலாம், கத்தியா வரலாம். பைபிள் மேல கைய வெச்சு கூசாம பொய் சொல்றவன்கூட இரும்பைக் குடுத்தா யோசிப்பான்னு இங்க எல்லாருமே சொல்வாங்க, அதனால மந்திரிங்க பதவி ஏத்துக்கும்போது ஓகூன் பேர்ல சத்தியம் வாங்கணும், அப்பதான் ஊழல் ஒழியும்னு அடிக்கடி யாராவது கிளப்பிட்டே இருப்பாங்க.

எனக்கு இதைவிட பிடிச்சது ஆலேன்னு ஒரு விஷயம். எங்க ஸ்கூல்ல கூட்டிப் பெருக்க வர்ற அம்மா ஒருத்தங்க அவங்க கிராமத்துக்கு கூட்டிட்டுப் போனாங்க, ரோட்டோரமா விறகு அடுக்கி வெச்சிருந்தது, பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. விறகு மேல ஒரு குச்சி நட்டு அதுல பிஞ்ச செருப்பு அடிப்பாகம், பல்லு உடைஞ்ச சீப்பு, முத்து உதிர்ந்த மக்காச்சோளக் கட்டை எல்லாத்தையும் ஒரு சிவப்புத் துணிக்கிழிசல்ல கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. நான் குப்பைன்னு நெனச்சு தள்ளிவிடப் போனேன், அந்தம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. திருடினா நீயும் இப்படித்தான் ஆவ, ஒருத்தருக்கும் வேண்டாத, தூக்கிப் போட்ட சாமானா ஆயிடுவன்னு அது சொல்லுதாம். யோசிச்சுப் பாரு, அங்க போலீஸ் இல்ல பூட்டு இல்ல கேமரா இல்ல, ஒரு பிஞ்ச செருப்பு காவல் காக்குது. அந்தம்மாகிட்ட "இதுல மந்திரம் இருக்கா"ன்னு கேட்டேன், "சிலதுல இருக்கும், சிலதுல இருக்காது, எதுல இருக்குன்னு திருடனுக்கு எப்படித் தெரியும்"னு சிரிச்சாங்க.

இங்கதான் நீ சொல்ற பயத்துக்குப் பின்னாடி வேற ஒண்ணும் இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. அந்தச் செருப்பு இடி விழும்னு மட்டும் சொல்லல, ஊர்ல உன்னை ஆளா மதிக்க மாட்டாங்கன்னும் சொல்லுது. எங்க ஸ்கூல்ல ரெண்டு பசங்க கட்டிப் புரண்டு சண்டை போட்டா எங்கூட வேலை பாக்கற யொருபா டீச்சர் யார் முதல்ல அடிச்சான்னு கேக்கவே மாட்டாங்க, "நீ எந்த வீட்டுப் பையன்"னுதான் கேப்பாங்க, அவ்ளோதான், பையன் தலை தொங்கிடும். வீட்ல காலைல பசங்க பெரியவங்க கால்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்து எழுந்திரிப்பாங்க, பொண்ணுங்க முட்டி போடுவாங்க, அப்ப பாட்டிங்க ஒரிக்கின்னு வம்சப் புகழ்ச்சிப் பாட்டு சொல்வாங்க, உன் கொள்ளுத்தாத்தா இப்படிப்பட்டவர், உன் வீடு இப்படிப்பட்ட வீடுன்னு. அதைக் கேட்டு வளர்ற பிள்ளைக்கு இழக்கறதுக்குன்னு ஒண்ணு இருக்கு பாரு. பொறுமைதான் குணத்துக்கு அப்பன்னு இங்க ஒரு பழமொழி, அதை அடிக்கடி சொல்வாங்க.

இஃபாவுல ஒரு கதை உண்டு. இஃபான்னா குறி பாக்கறது, ஆனா வெறும் ஜோசியம்னு நெனச்சுக்காத, மொத்தம் 256 பகுதி, ஒவ்வொண்ணுக்கும் கதையும் பாட்டும் ஏகப்பட்டது, பாபலாவோன்னு சொல்ற பூசாரிங்க வருஷக்கணக்கா உக்காந்து மனப்பாடம் பண்ணணும், யுனெஸ்கோவே 2005ல இதை மனுஷகுலத்துப் பொக்கிஷம்னு அறிவிச்சிருக்கு. அந்தக் கதைல பெரியவங்க கூட்டமா இஃபே நகரத்துக்குப் போய் நீண்ட ஆயுசு கேக்கறாங்க. சரி, தரோம், ஆனா தெரியாததைத் தெரியும்னு சொல்லக்கூடாது, வழி தெரியாதவனைத் தப்பான வழில விடக்கூடாது, வயசானவங்க ஊனி நடக்கற கம்பைப் பிடுங்கக்கூடாது, கூட்டாளிக்குத் துரோகம் பண்ணக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட்டு குடுக்கறாங்க. இவங்க தலையத் தலைய ஆட்டிட்டு ஊருக்குத் திரும்பி வந்து எல்லாத்தையும் மீறறாங்க, ஒவ்வொருத்தரா சாக ஆரம்பிக்கறாங்க, உடனே குறி தெய்வம் ஒருன்மிலாதான் கொல்லுதுன்னு பழி போடறாங்க. அவரு சொல்றாரு, நான் யாரையும் கொல்லல, நீங்க மீறினதுதான் உங்களைக் கொல்லுதுன்னு. கட்டளை வாங்கிட்டுப் போனவங்க யாருன்னு கவனிச்சியா, சின்னப்பசங்க இல்ல, திருடங்க இல்ல, ஊர்ப் பெரிய மனுஷங்க. அதான் எனக்கு இந்தக் கதைல ரொம்பப் பிடிச்சது.

அப்புறம் பூமி. யொருபா ஊர்கள்ல ஒக்போனின்னு ஒரு பெரியவர் சபை இருந்துச்சு, இன்னமும் சில ஊர்ல இருக்கு, அவங்க கும்பிடறது மண்ணை. சண்டைல மனுஷ ரத்தம் மண்ணுல சிந்திட்டா அது ரெண்டு பேர் பிரச்சினை இல்ல, பூமிக்குச் செஞ்ச குத்தம். சபை உள்ள வந்துடும், அபராதம் கட்டணும், பரிகாரம் பண்ணணும். எடான்னு பித்தளைல ஆணும் பொண்ணுமா சங்கிலி கோத்த சிலை ஜோடி வெச்சிருப்பாங்க, அதைக் கொண்டு வந்து நடுவுல வெச்சா அதுக்கு மேல யாரும் கை ஓங்கக்கூடாது. ரெண்டு ஒக்போனிக்காரங்க சேந்தா மூணுன்னு ஒரு வசனம் உண்டு, மூணாவது ஆள் கீழ இருக்கற மண்ணாம், எல்லாத்தையும் கேட்டுட்டே இருக்குமாம். மண்ணுக்குத் துரோகம் பண்ணவன் மண்ணோட போவான்னும் சொல்வாங்க. எவன் செத்தாலும் மண்ணுக்குத்தான் போகணும், அதனால தப்பிக்க வழியே இல்ல, எவ்ளோ கெட்டிக்காரத்தனமான மிரட்டல் பாரு!

இவ்ளோ சொல்லிட்டேன்ல, இப்ப மறுபக்கம். இதைச் சொல்லாம விட்டா உனக்கு நான் டூரிஸ்ட் கைடு மாதிரி எழுதினதா ஆயிடும்.

ஷாங்கோன்னு இடி தெய்வம், திருடனையும் பொய்யனையும் தேடி அடிக்கும்னு நம்பிக்கை. ஒரு வீட்ல இடி விழுந்தா அந்தக் காலத்துல என்ன நடக்கும் தெரியுமா, பூசாரிங்க கூட்டமா வந்து இறங்கி மண்ணைத் தோண்டி இடிக்கல்லு தேடறோம்னு வீட்டையே சூறையாடிட்டுப் போவாங்க. செத்தவனுக்கு அழக்கூட முடியாது, ஏன்னா இடி விழுந்தாலே அவன் குத்தவாளி. மேல பெரிய அபராதம் வேற. பெரியம்மை தெய்வம் ஷோபோனா விஷயம் இதைவிட மோசம், பெரியம்மைல செத்தவங்க சொத்து பூசாரிக்குச் சேரும், அதனால அவங்களே நோயைப் பரப்பறாங்கன்னு சந்தேகம் வந்துச்சு, லாகோஸ்ல சபாரான்னு ஒரு ஆப்பிரிக்க டாக்டர் ரகசியமா அந்தக் கூட்டத்துலயே சேந்து உள்ள நடக்கறதைப் பாத்துட்டு வெளிய வந்து சொன்னாரு, அப்புறம் அரசாங்கம் அந்த வழிபாட்டையே தடை பண்ணிடுச்சு. வெள்ளைக்காரன் சட்டம்தான், அதுல அவனுக்கு வேற கணக்கும் இருந்திருக்கும், ஆனா அந்த டாக்டர் செஞ்சதை நான் மதிக்கறேன்.

ஒரோன்னு ஒரு வழிபாடு இருக்கு, அதைப் பத்தி எழுதும்போதே எனக்கு எரிச்சலா வருது. ராத்திரில ஒரு பலகையைக் கயித்துல கட்டிச் சுத்துவாங்க, ஊய்ங்னு ஒரு சத்தம் வரும், அதான் ஒரோ. பழைய காலத்துல கொலைகாரனுக்கெல்லாம் தண்டனை குடுத்தது இந்த ஒரோ பேர்லதான். பொம்பளைங்க யாரும் வெளிய வரக்கூடாது, பாக்கக்கூடாது. ஊரைக் காக்கற சாமிக்கு பொம்பளை கண்ணு பட்டா என்னடி ஆயிடும்? 1999 ஜூலைல ஷகாமுங்கற ஊர்ல ஒரோ ராத்திரில வடக்கத்தி ஹவுசா இனத்துப் பொண்ணு ஒருத்தி வெளிய வந்துட்டான்னு கொன்னுட்டாங்க, அதுல கலவரம் வெடிச்சு ரெண்டு பக்கமும் எத்தனையோ பேர் செத்து, அந்த ஆத்திரம் வடக்கே கானோ வரைக்கும் போய் அங்க இருந்த யொருபாக்காரங்க மேல விழுந்துச்சு. மண்ணுல ரத்தம் சிந்தக்கூடாதுன்னு சொன்ன அதே ஜனங்கதான்.

நம்ம பேசற சத்தியம் இருக்கே, அதையே குத்தவாளிங்க எப்படித் திருப்பறாங்கன்னு பாரு. இது யொருபா இல்ல, பக்கத்துல எடோ மாநிலத்துல, பெனின் சிட்டில. இட்டலிக்கு வேலைக்குன்னு சொல்லி பொண்ணுங்களைக் கடத்தறவங்க, கிளம்பறதுக்கு முன்னாடி பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போய் முடி, நகம், உள்துணி எல்லாம் வாங்கி வெச்சுகிட்டு, கடனை அடைக்கற வரைக்கும் ஓட மாட்டேன், போலீஸ்ல சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்குவாங்க. அங்க போனா விபச்சாரம். பூட்டே இல்லாத ஜெயில், அந்தப் பொண்ணு தப்பிச்சா பைத்தியம் பிடிக்கும் செத்துப் போயிடுவோம்னு நடுங்கிட்டே கிடப்பா. 2018 மார்ச்ல பெனின் ராஜா, ஓபா எவுவாரே, பூசாரிங்க எல்லாரையும் அரண்மனைக்குக் கூப்பிட்டு, இந்த மாதிரி வாங்கின சத்தியம் எதுவும் இனிமே செல்லாது, இனி எவன் பண்றானோ அவன் மேல சாபம்னு அறிவிச்சாரு. சட்டமும் போலீசும் வருஷக்கணக்கா அவுக்க முடியாத முடிச்சு, அதைப் போட்ட பாஷைலயே ஒருத்தர் அவுத்தாரு. கடத்தல் நின்னுடல, ஆனா எத்தனையோ பொண்ணுங்களுக்கு அந்தப் பயம் விட்டுச்சு.

அதனால உன் கேள்விக்கு நான் சொல்றது என்னன்னா, பயம் ஒரு கத்திடி, யார் கைல இருக்குன்னு பாக்கணும். ஆலே கட்டற விறகுக்காரி அந்த ஊர்லயே இருக்கா, நாளைக்கு அவளே அடுத்தவன் வயல்ல கைய வெச்சா அவளுக்கும் அதே செருப்புதான். இடி விழுந்த வீட்டைக் கொள்ளையடிச்ச பூசாரியை யாரு கேள்வி கேட்டா? யொருபாக்காரங்களோட பழைய ஒயோ ராஜ்யத்துல ராஜா கொடுமை பண்ணா மந்திரி சபை அவரைச் சாகச் சொல்லலாம், நல்ல ஏற்பாடுதான், ஆனா காஹான்னு ஒரு மந்திரி அந்த அதிகாரத்தையே வெச்சு ராஜாக்களை ஒண்ணொண்ணா தீத்துக்கட்டினான், 1774ல அபியோதுன்னு ஒரு ராஜா வந்துதான் அவனை ஒழிச்சாரு.

நம்ம காலத்துலயும் அதே கதைதான். 1994ல ஆரம்பிச்ச ஓடுவா பீப்பிள்ஸ் காங்கிரஸ் (OPC)னு ஒரு யொருபா அமைப்பு, போலீஸ் ஒழுங்கா இல்லாததால திருடனைப் பிடிக்கறோம்னு இறங்கினாங்க, தாயத்து, மந்திரம், சத்தியப்பிரமாணம் எல்லாம் உண்டு, ஜனங்களும் முதல்ல கொண்டாடினாங்க. அப்புறம் சந்தேகப்பட்டவனை எல்லாம் விசாரணையே இல்லாம அடிச்சுக் கொன்னாங்க, எரிச்சாங்க, 2003ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இதைப் பத்தி முழு ரிப்போர்ட்டே போட்டுச்சு. 2020ல ஆறு மாநில கவர்னருங்க சேந்து அமோத்தேகுன்னு புதுப் படை ஆரம்பிச்சிருக்காங்க, இதுக்கு சட்டம் இருக்கு, யூனிஃபார்ம் இருக்கு, பாப்போம். இன்னொரு பக்கம் யாஹூ பாய்ஸ்னு இன்டர்நெட்ல ஏமாத்திப் பிழைக்கற பசங்கள்ல சிலபேர், பணம் கொட்டும்னு நரபலி வரைக்கும் போயிட்டாங்க, பேப்பர்ல அந்த நியூஸ் வந்தா என்னால படிக்க முடியறதில்ல. உழைக்காம வர்ற பணத்துக்கும் இஃபாவுக்கும் சம்பந்தமே இல்லன்னு பாபலாவோங்க கத்திட்டுதான் இருக்காங்க, அந்தப் பசங்க காதுல எங்க ஏறப்போகுது, வேலை இல்ல, சட்டுனு கார் வாங்கணும்.

உங்க தெரு விஷயத்துக்கு வர்றேன். முனீஸ்வரன் படம் வரைஞ்சு வெக்கலாமான்னு அண்ணன் கேட்டாருன்னு எழுதியிருந்தியே, வெச்சா நல்லதுதான், குப்பையாவது கொட்ட மாட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்தத் தெரு லைட்டை ரிப்பேர் பண்ணச் சொல்லி பஞ்சாயத்துல எழுதிக் குடுங்க, அப்புறம் அந்தக் கோடி வீட்ல புதுசா வந்திருக்கற பசங்களோட முகம் குடுத்துப் பேசுங்க, யாருன்னே தெரியாம திருடன் திருடன்னு சொல்லிட்டு இருக்காதீங்க, எனக்கு அது சரியாப் படல.

ஆகஸ்ட் 20 இங்க பழைய மதத்துக்காரங்க திருநாள், இஷேஷே டே, எங்க மாநிலத்துல லீவு விடறாங்க. அன்னிக்கு ஃபோன் பண்றேன், சாயங்காலமா வீட்ல இரு. வத்தக்குழம்புப் பொடி யாராவது லாகோஸ் வர்றவங்க இருந்தா குடுத்து அனுப்பு, அரைக் கிலோ போதும்.

உன்
வாணி