ஒரே கருவிக்கு ஏன் இத்தனை குறியீடு? சுங்க வகைப்பாடு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நுழைவாயில் பரிசோதனைக் கருவிகளுக்கு நாங்கள் அனுப்பும் விலைப்புள்ளியின் அடியில் “சுங்கவரி வகைப்பாட்டுக்கு உட்பட்டது” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பற்றித்தான் உங்களில் பலர் கேட்கிறீர்கள். “வேறொருவர் இதே கருவியைக் கம்ப்யூட்டர் என்று காட்டி இறக்குகிறாராம், நீங்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை?” என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. தொலைபேசியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இந்த மடல்.

முதலில் கருவியைப் பார்ப்போம். முகத்தை அடையாளம் காணும் கேமரா, உடல் வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு உணரி, அடையாள அட்டையைப் படிக்கும் பகுதி, வருகை நேரத்தைப் பதியும் மென்பொருள், கதவைத் திறக்கும் ரிலே, வெப்பம் கூடினால் ஒலிக்கும் அலாரம். இத்தனையும் ஒரு சிறிய திரைக்குப் பின்னால் அடங்கியிருக்கின்றன. வாங்குபவருக்கு இது ஒரே பொருள்தான். சுங்க அட்டவணையிலோ கேமராவுக்கு 8525, கம்ப்யூட்டருக்கு 8471, வெப்பமானிக்கு 9025, நேரப்பதிவுக் கருவிக்கு 9106, ஒலி ஒளி எச்சரிக்கைக் கருவிக்கு 8531 என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கின்றன. 85 என்று தொடங்கும் தலைப்புகள் அடங்கிய 85ஆம் அத்தியாயத்தில் வேறெங்கும் இடம் கிடைக்காத மின்கருவிகளுக்கு 8543. தலைப்பு மாறினால் வரி விகிதம் மாறலாம். உரிமம், தரச்சான்று போன்ற நிபந்தனைகளும் கூடவே மாறலாம்.

இந்த எண்கள் எங்கள் சரக்குக்கு மட்டும் உரியவை அல்ல. பிரஸ்ஸெல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் எச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) என்ற பொருள் வகைப்பாட்டு முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் அதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் இலக்கங்களைச் சேர்ப்பதும் வரியைத் தீர்மானிப்பதும் அந்தந்த நாட்டின் உரிமை. அதனால்தான் இந்த மடலில் வரி விகிதம் எதையும் குறிப்பிடவில்லை.

இனி கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருவோம். உள்ளே செயலி, நினைவகம், இயங்குதளம் எல்லாம் இருக்கின்றன; பிறகு ஏன் 8471 இல்லை? 84ஆம் அத்தியாயத்தின் குறிப்பு இரண்டு தடைகளை வைக்கிறது. பயனர் தன் தேவைக்கேற்ப விருப்பம்போல் நிரல் எழுதி இயக்கக்கூடியதாக இருந்தால்தான் அது தானியங்கித் தரவுச் செயலாக்க இயந்திரம், அதாவது அட்டவணையின் மொழியில் கம்ப்யூட்டர். எங்கள் கருவிகளில் தயாரிப்பாளர் ஏற்றிய மென்பொருள் மட்டுமே ஓடும். கணக்கு எழுதவோ கடிதம் அடிக்கவோ அவற்றால் முடியாது. அடுத்தது இன்னும் முக்கியமானது. கம்ப்யூட்டரை உள்ளடக்கியிருந்தாலும், தரவுச் செயலாக்கம் அல்லாத குறிப்பிட்ட வேலை ஒன்றைச் செய்யும் இயந்திரத்தை அந்த வேலைக்குரிய தலைப்பில்தான் வைக்கவேண்டும் என்று அதே குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. இன்வாய்ஸில் “டேப்லெட்” என்று எழுதிவிட்டால் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கமாட்டார் என்று நம்புவது துணிச்சலாக இருக்கலாம். வியாபாரத்துக்கு அது உதவாது.

அப்படியானால் எந்த வேலையை எடுத்துக்கொள்வது? பல வேலைகளைச் செய்யும் இயந்திரத்தை அதன் முதன்மை வேலையைக் கொண்டு வகைப்படுத்தவேண்டும் என்பது 84, 85ஆம் அத்தியாயங்கள் அடங்கிய 16ஆம் பிரிவின் மூன்றாம் குறிப்பு. 90ஆம் அத்தியாயக் கருவிகளுக்கும் அதுவே பொருந்தும். சட்டம் சொல்வது அவ்வளவுதான். எது முதன்மை என்று கண்டுபிடிப்பதில்தான் தகராறே.

புதிய மாடல் ஒன்று வந்தால் நாங்கள் முதலில் வெப்ப உணரியை அணைத்துப் பார்ப்போம். அதன் பிறகும் முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கிறது, வருகை பதிவாகிறது என்றால், வெப்பம் அளப்பது அந்தக் கருவியில் ஒரு கூடுதல் வசதிதான். அதை 9025இல் கொண்டுபோய் நிறுத்துவது கடினம். மாறாக, யாராக இருந்தாலும் முதலில் வெப்பத்தை அளந்து, அளவைத் திரையில் காட்டி, வரம்பு மீறினால் கதவைத் திறக்க மறுக்கும் மாடலும் உண்டு. அங்கே முகப்பதிவு பெயர் குறித்துக்கொள்ள மட்டுமே பயன்படுகிறது; வெப்பமானி என்ற வாதத்துக்கு வலு கூடுகிறது. கேட்டலாக்கில் எந்த அம்சத்தை முன்னிறுத்தி விற்கிறார்கள், வெப்ப அளவின் துல்லியத்துக்கு என்ன உறுதி தருகிறார்கள், உணரி உள்ளேயே பொருத்தப்பட்டதா அல்லது வேண்டுமானால் வாங்கி மாட்டிக்கொள்வதா என்பதெல்லாம் பார்க்கப்படும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மாடல்கள் இரண்டு குறியீடுகளில் வருவதற்கு இதுதான் காரணம். போன சரக்குக்கு வந்த வரி இந்தச் சரக்குக்கும் வரும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்காததற்கும் இதுதான் காரணம்.

எவ்வளவு அலசினாலும் முதன்மை வேலை எதுவென்று தீர்மானிக்க முடியாத கருவிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு, சுங்க அட்டவணையை எப்படிப் பொருள்கொள்வது என்று சொல்லும் பொது விளக்க விதிகளில் 3(சி) என்று ஒரு வழி உண்டு: சமமாகப் பொருந்தும் தலைப்புகளில் எண் வரிசைப்படி கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ளவேண்டும். 8525க்கும் 9025க்கும் இழுபறி என்றால் 9025. காரணகாரியம் ஏதுமில்லாத விதிதான். ஆனாலும் விவாதத்துக்கு ஒரு முடிவு வேண்டுமே.

இது சின்ன நிறுவனங்களின் தலைவலி மட்டும் என்று நினைக்கவேண்டாம். அச்சடித்தல், நகலெடுத்தல், ஸ்கேன் செய்தல் ஆகியவற்றை ஒரே இயந்திரம் செய்யத் தொடங்கியபோது, அது கம்ப்யூட்டரின் துணைக்கருவியா, நகலெடுக்கும் இயந்திரமா என்ற கேள்வி நாடுகளுக்கிடையிலான வழக்காகவே மாறியது. தட்டைத் திரைகள், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றோடு இந்த இயந்திரங்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் வரி விதித்ததை எதிர்த்து அமெரிக்கா, ஜப்பான், சீன தைபே (தைவான்) ஆகியவை உலக வர்த்தக அமைப்புக்குச் சென்றன. 2010இல் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராக வந்தது. அதற்கு முன்பே, எச்.எஸ். முறையின் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அத்தகைய இயந்திரங்களுக்கு 8443.31 என்ற தனி உட்தலைப்பும் கிடைத்திருந்தது. நம் கருவிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை.

ஒற்றை வேலைக் கருவிகளில் இந்தச் சிக்கல் குறைவு. பைகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் 9022இல் வரும். நடந்து கடக்கும் உலோகங்காட்டி வாயில் 8543. இவற்றையும் முகமறி கருவிகளையும் ஒரே கப்பலில் சேர்த்து அனுப்பினால் “பாதுகாப்புத் தொகுப்பு” என்று ஒரே குறியீட்டில் போடமுடியுமா என்று கேட்கிறீர்கள். பல பாகங்கள் சேர்ந்து ஒரே தலைப்புக்குரிய தெளிவான ஒரு வேலையைச் செய்தால்தான் அந்தச் சலுகை. தனித்தனியாக இயங்கும் மூன்று கருவிகள் ஒரே பெட்டியில் வந்தாலும் மூன்றுதான். உதிரிப்பாகங்களிலும் இதே கண்டிப்பு உண்டு: மின்னேற்ற அடாப்டர் தனியாக வந்தால், எந்தக் கருவிக்காக வந்தாலும், 8504க்குத்தான் போகும்.

பெரிய அளவில் ஆர்டர் கொடுப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை முன்தீர்ப்பு. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. சரக்கு வருவதற்கு முன்பே வகைப்பாட்டைக் கேட்டு எழுத்துபூர்வமாகப் பெறும் வழியை உறுப்பு நாடுகள் ஏற்படுத்தித் தரவேண்டும் என்று அது சொல்கிறது. விண்ணப்பித்தவர் விஷயத்தில் அந்தத் தீர்ப்பு சுங்கத்துறையைக் கட்டுப்படுத்தும். ஆனால், விண்ணப்பத்தில் சொன்ன கருவியும் வந்திறங்கும் கருவியும் ஒன்றாக இருக்கவேண்டும். முன்தீர்ப்பு வாங்கிய பிறகு “வெப்ப உணரியையும் சேர்த்துவிடுங்கள்” என்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் பெயரில் இறக்குமதியாகும் சரக்கில் தவறான குறியீடு இருந்தால், வித்தியாச வரியும் வட்டியும் அபராதமும் கேட்டு வரும் கடிதம் உங்கள் முகவரிக்குத்தான் வரும். சரக்கு வெளியே வந்துவிட்டதாலேயே கணக்கு முடிந்துவிடுவதில்லை. பின்னாளில் தணிக்கையிலும் கேட்கலாம். ஆகவே குறியீட்டை மாற்றிப் போட்டுத் தரும்படி எங்களிடம் கேட்காதீர்கள். உங்கள் சுங்க முகவர் எங்களிடமிருந்து வேறுபட்டு நினைத்தால், காரணத்தை எழுதச் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு பரிசீலிப்போம்.

இனி வரும் ஆர்டர்களில் மாடல் எண்ணோடு, எந்தெந்த வசதிகள் வேண்டும், கருவியை எதற்காக நிறுவுகிறீர்கள், யார் பெயரில் இறக்குமதி என்பதையும் எழுதி அனுப்புங்கள். டேட்டாஷீட்டையும் கருவியின் உட்பகுதிகளைக் காட்டும் வரைபடத்தையும் நாங்கள் தயாரிப்பாளரிடமிருந்து பெற்று இணைத்துவிடுகிறோம். எச்.எஸ். முறையின் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. அந்தத் தேதியைத் தாண்டி நீளும் ஒப்பந்தங்களில் குறியீட்டு மாற்றத்துக்கென ஒரு ஷரத்தைச் சேர்க்கிறோம். கையெழுத்திடும் முன் அதைப் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
இறக்குமதிப் பிரிவு