அவசரப்படாமல் 113 கிலோமீற்றர்

அன்புள்ள மச்சாளுக்கு,

நாற்பது வயதைத் தாண்டி, வங்கி வேலையையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் ட்ரையத்லன் போட்டியில் இறங்கினால் சரிவருமா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். சரிவரும். இதே கேள்வியை மனதுக்குள் வைத்திருப்பவர்கள் கொழும்பில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், உங்களுக்கான பதிலை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது பாதித்தூரப் போட்டி. கடலில் 1.9 கிலோமீற்றர் நீச்சல், அதைத் தொடர்ந்து 90 கிலோமீற்றர் சைக்கிள், பிறகு 21.1 கிலோமீற்றர் ஓட்டம் என மொத்தம் 113 கிலோமீற்றர். மைல் கணக்கில் இது 70.3 ஆகும். 2018 பெப்ரவரியில் காலிமுகத்திடலில் நடந்த அயன்மேன் என்ற நீண்டதூர ட்ரையத்லன் போட்டிக்கு அந்த எண் பெயரோடு சேர்ந்து வந்தது இதனால்தான். உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். கடிகாரம் எதற்காகவும் நிற்பதில்லை. முழுத்தூரம் இதைப் போல் இரண்டு மடங்கு, அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பாதித்தூரத்துக்குப் பொதுவாக எட்டரை மணித்தியாலம் தருகிறார்கள். உங்களைப் போல் ஒழுங்காகப் பயிற்சி செய்யும் ஒருவருக்கு அது தாராளமான நேரம்.

நம்மைப் போன்ற பொழுதுபோக்கு வீரர்களை இந்தப் போட்டியில் வீழ்த்துவது தூரம் அல்ல, அவசரம்தான் என்பது என் உறுதியான எண்ணம். 1978 பெப்ரவரியில் ஹவாயின் ஓஆஹு தீவில் முதல் அயன்மேன் நடந்தபோது பதினைந்து பேர் இறங்கிப் பன்னிரண்டு பேர் முடித்தார்கள். சைக்கிளை விட்டு இறங்கும்போது முன்னணியில் இருந்தவர் ஜோன் டன்பார். மரதனின் நடுவே அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவர்கள் அவருக்குப் பியரைக் கொடுத்தார்கள். பின்னால் வந்த கோர்டன் ஹாலர் அவரைக் கடந்து 11 மணி 46 நிமிடங்களில் முதலாவதாக முடித்தார். முன்னால் போவதும் முடிப்பதும் வேறு வேறு வேலைகள் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

முதலில் நீச்சலைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்குப் பயம் அதில்தான். பாக்கு நீரிணையை 1954இல் நவரத்தினசாமியும், 1971இல் போகவும் வரவுமாக ஆழிக்குமரன் ஆனந்தனும் நீந்திக் கடந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமது வீடுகளில்கூட, பெண் பிள்ளைகளைக் கடலில் இறக்கியவர்கள் மிகச் சிலர். நீங்கள் முப்பது வயதுக்குப் பிறகு தடாகத்தில் கற்றுக்கொண்டது எந்த வகையிலும் குறை அல்ல. ஆனால் தடாகத்தில் அடியில் கோடு இருக்கிறது, கடலில் கலங்கல் மட்டுமே இருக்கிறது. ஆகவே ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேலே வரும் அளவுக்குத் தலையை உயர்த்தி, பாதையைக் காட்டும் மிதவையைப் பார்த்து, அதே அசைவில் முகத்தைத் திருப்பி மூச்செடுக்கும் பழக்கம் வேண்டும். தலையை அதிகம் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து, ஒவ்வொரு வீச்சும் இழுவையாகிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நமது பக்கக் கடலைக் கொந்தளிக்க வைப்பதால், கடற்பயிற்சியை டிசெம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தனியாக ஒருபோதும் வேண்டாம். நமது கடல் வெதுவெதுப்பானது, ரப்பர் உடை தேவையில்லை. உப்புநீர் உடலைக் கொஞ்சம் கூடுதலாகவே மிதக்க வைக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ட்ரையத்லனில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதே நேர்கின்றன, அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் அதுவரை அறியப்படாத இருதயக் கோளாறு இருந்திருக்கிறது. எனவே பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்னர் ஒரு இருதய நிபுணரைப் பார்த்து ஈசீஜீ எடுத்துவிடுங்கள். போட்டியன்று கூட்டத்தின் நடுவே இறங்காமல் ஓரமாக, பின்வரிசையில் இறங்குங்கள். மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்து மிதந்திருங்கள்; காவல் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறினாலும், படகு உங்களை முன்னே இழுத்துச் செல்லாதவரை, போட்டியிலிருந்து நீக்க மாட்டார்கள்.

சைக்கிளில் 90 கிலோமீற்றரும் ஒரு நீண்ட சாப்பாட்டு மேசை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது வயிறு குலுங்கும், நீந்தும்போது வாய் திறக்க வழியில்லை, ஆகவே உண்பதற்கு உள்ள இடம் இது ஒன்றுதான். உடலில் சேமிப்பாக இருக்கும் மாச்சத்து இவ்வளவு நேரத்துக்குப் போதாது. மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் இருப்பது 25 கிராம் அளவுதான். நான் உப்புப் போட்ட உருளைக்கிழங்கை அவித்துத் துண்டுகளாக்கிப் பொலித்தீன் பையில் கட்டி மேற்சட்டையின் பின்பையில் வைத்துக்கொள்வேன். இனிப்பு ஜெல்களை மூன்று மணித்தியாலம் தொடர்ந்து விழுங்க என் நாக்கு சம்மதிப்பதில்லை. மிதிக்கும் வேகம் கூடினால் இரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடி, குடல் வேலை செய்யாமல் நின்றுவிடும், தின்றதெல்லாம் வயிற்றிலேயே கிடக்கும். பக்கத்தில் பேசிக்கொண்டு போகக்கூடிய வேகமே சரியான வேகம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பது நமது பிரிவில் தடை. இலட்சக்கணக்கில் சைக்கிளுக்குச் செலவழிக்கவும் வேண்டாம். உங்கள் உயரத்துக்கு இருக்கையைச் சரியாக அமைத்து, நல்ல ரயரும் தலைக்கவசமும் வாங்கினால் போதும்.

தண்ணீரையும் அளவோடு குடியுங்கள். வியர்வையோடு சோடியமும் வெளியேறும். அதை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும் ஆபத்து உண்டு. நீண்டதூரப் போட்டிகளில் இதனால் இறந்தவர்களும் உண்டு. ஒரு போத்தலில் ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைக் கரைசல், மறு போத்தலில் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள்.

கொழும்பில் ஓட்டம்தான் உண்மையான சோதனை. சைக்கிளில் முகத்தில் அடித்த காற்று இறங்கியதும் நின்றுவிடும். ஈரப்பதம் மிகுந்த நமது காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும், ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதே வேகத்தில் ஓடினாலும் இருதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். காலிமுகத்திடலில் முற்பகல் வெயிலில் நிழல் கிடையாது. தண்ணீர் மேசை வந்தவுடன் நடையாக மாறுங்கள். கோப்பையின் வாயை நசுக்கிப் பிடித்துக் குடியுங்கள், ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள்ளும் கழுத்தின் பின்னாலும் வையுங்கள், மேசை முடிந்ததும் மறுபடி ஓடுங்கள். மேசைக்கு மேசை இப்படி நடந்தவர்கள், நடக்க மறுத்துக் கடைசி ஐந்து கிலோமீற்றரில் குந்திவிட்டவர்களைக் கடந்து போவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சைக்கிளை விட்டு இறங்கியவுடன் மரத்துப்போன காலோடு ஓடிப் பழகுவதை வாரம் ஒருமுறை செய்யுங்கள், மரைன் டிரைவில் இருபது நிமிடம் ஓடினாலே போதும்.

வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் தேவைப்படும். அந்த நேரம் வீட்டிலிருந்துதான் வரும், ஆகவே அதை வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள். ஞாயிறு காலையில் பிள்ளைகளை ரியூசனுக்குக் கொண்டுபோய் விடுவது ஆறு மாதத்துக்கு அண்ணாவின் பொறுப்பு. அதை அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஈசீஜீ முடிவு வந்ததும் எனக்கு அழையுங்கள். ஜனவரி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கல்கிசைக் கடற்கரைக்கு வாருங்கள். கண்ணாடியும் பிரகாசமான நிறத்தில் ஒரு நீச்சல் தொப்பியும் மட்டும் கொண்டுவந்தால் போதும், இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நீந்தும் இழுவை மிதவை என்னிடம் இரண்டு இருக்கிறது. கரைக்குச் சமாந்தரமாக, கால் எட்டும் ஆழத்தில் தொடங்குவோம்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்
வெள்ளவத்தை